சுவருக்குள் ஆட்டு முடி

எதிர்வீட்டுப் பெண் கட்டிடக்கலை படிக்கிறாள். போன லீவுக்கு ஊர் சுற்றப் போகாமல், எங்கோ ஓர் ஊரில் மண் வீடு கட்டும் முகாமுக்குத் தொண்டு செய்யப் போய்விட்டு வந்தாள். "சிமெண்டே போடாம ஒரு வீட்டை எழுப்பிட்டோம், தெரியுமா?" என்று கண்ணை விரித்துக்கொண்டு சொன்னாள். "அடிப் போடி, நான் உன் வயசுலயே கட்டியாச்சு" என்றேன். அவள் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்தால் மண் மிதித்தவள் மாதிரியா இருக்கிறது? அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் அவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் பெண் நான்தான். அந்தத் திமிரும் எனக்கு உண்டு. படிக்கிற பெண்கள் எல்லோரும் வாரக் கடைசியில் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய்ச் சிரமதானம் செய்ய வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து ஏற்பாடு. மற்ற கூட்டங்களுக்கு ரோடு போடுவது, வாய்க்கால் வெட்டுவது என்று வந்தது. எங்கள் கூட்டத்துக்கு ஒரு வீடு வாய்த்தது.

"மண்ணு மிதிக்கவா உன்னயப் படிக்க வைக்கிறேன்?" என்று என் அத்தா கேட்டார். அவர் தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். அய்யலூர்ச் சந்தையில் கைமாறிய ஆடுகள் கடைசியில் தோலாக அங்கேதான் வந்து சேரும். தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, எடுத்து, முடியைச் சுரண்டுவது அவர் வேலை. "நீங்க குழில இறங்கலாம், நான் மண்ணுல இறங்கக் கூடாதா?" என்று ஒரு போடு போட்டேன். அம்மா என்னை முறைத்தாள். அத்தா சிரித்துவிட்டார். அதோடு அனுமதி கிடைத்தது.

செம்பட்டி பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கித் தென்னந்தோப்பைத் தாண்டி நடந்தால் அந்த ஊர் வரும். சித்திரையில் அங்கே ஒரு கூரை வீடு தீப்பிடித்து எரிந்துபோயிருந்தது. அந்த வீட்டுக்காரர் பூத்தோட்டத்தில் கூலி வேலை செய்தார், விடிகாலையில் பூக்கூடையோடு திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வருவார். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்று கூப்பிட்டோம். இரண்டு பேரும் யாரோ விட்ட மாட்டுத் தொழுவத்தில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா வயிற்றில் பிள்ளை.

தாய் இல்லாத பெண் அவள். தலைப்பிரசவத்துக்குப் போகப் பிறந்த வீடு இல்லை. முதல் பிள்ளை அந்தப் பழைய கூரை வீட்டில், அடைமழையில், ஒழுகுகிற மூலையில்தான் பிறந்தது. ஈரத்திலேயே கிடந்து சளி கட்டி ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. முதல் நாள் எங்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டே அக்கா இதைச் சொன்னாள். "வீடு பெருசா இருக்கணும்னு கேக்கல தாயி. இந்தப் பிள்ளையாவது காஞ்ச தரையில பொறக்கட்டும்" என்றாள். அவளுக்கு ஐப்பசியில் மாதம். மழைக்கும் அதுதான் மாதம். நாங்கள் மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தோம்.

எங்கள் டீச்சர் ஒரு சட்டம் போட்டிருந்தார். கடையில் விலைக்கு வாங்குவது எதுவும் இந்த வீட்டுக்கு வேண்டாம், சுற்றுவட்டாரத்தில் கிடைப்பதை வைத்தே கட்ட வேண்டும் என்றார். சிமெண்ட் அப்போது குதிரைக் கொம்பு, அது வேறு விஷயம். செம்மண் காலடியில் இருந்தது. பட்டுப்போன பனைகளை ஒருவர் வெட்டிக்கொள்ளச் சொன்னார். இடித்துப் போட்ட சத்திரத்தின் பழைய ஓடுகளைத் தலையில் சுமந்து கொண்டுவந்தோம். ஊர் ஆண்கள் சுவர் வைத்தார்கள். நாங்கள் மண்ணை மிதித்து உருட்டிக் கொடுத்தோம். ஒரு வரிசை வைத்துக் காயவிட்டு அடுத்த வாரம் அடுத்த வரிசை. ஆவணி முடிவதற்குள் சுவர் எழுந்து, ஓடும் ஏறிவிட்டது.

பூச்சு வேலையை எங்களிடம் விட்டார்கள். அங்கேதான் கோட்டை விட்டோம். கண்மாய் வண்டல் வெண்ணெய் மாதிரி இருக்கிறது, பூசினால் சுவர் பளபளக்கும் என்று அதை அள்ளி வந்தோம். பொம்பளைப் பிள்ளைகள் அல்லவா, மாவு சலித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? மண்ணையும் சலித்தோம். கல், மணல், வேர், சருகு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பொறுக்கி எறிந்தோம். தோசை மாவாகக் கரைத்து வழுவழுவென்று பூசிவிட்டு, எங்கள் கெட்டிக்காரத்தனத்தை நாங்களே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினோம்.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், யா அல்லா! சுவர் முழுக்க வெடித்து வாய் பிளந்து நிற்கிறது. காய்ந்த கண்மாயைத் தூக்கி நிறுத்தி வைத்தது மாதிரி இருந்தது. விரலால் தொட்டால் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அந்த ஊர் மருத்துவச்சி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு, "சுவரு பூசுனீகளா, இல்ல சுவத்துக்குப் பலகாரம் சுட்டீகளா? இம்புட்டு நைசா அரைச்சு வச்சிருக்கீக!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். 

மண்ணுக்குப் பிடிமானம் வேண்டும், வைக்கோலை நறுக்கிப் போட்டால் வெடிக்காது என்று டீச்சர் சொன்னார். அக்காவின் வீட்டுக்காரரான பூக்காரர் தலையைச் சொறிந்தார். "மழை இல்லாத வருசம் டீச்சர். மாட்டுக்கே வைக்கோல் இல்ல. சுவத்துக்குப் போடப் போறேன்னு கேட்டா வெரட்டி வெரட்டி அடிப்பாங்க" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

"ஆட்டு முடி போட்டா என்ன?" என்று கேட்டேன். தோல் ஷாப்பில் குழிச் சுவர் பெயர்ந்தால் சுண்ணாம்பில் முடியைக் கலந்து அப்புவதை நான் பார்த்திருக்கிறேன். சுரண்டிய முடி அங்கே பின்பக்கம் குவிந்து கிடக்கும், சீந்துவாரில்லை. நான் சொல்லி வாய் மூடவில்லை, கூட வந்தவள் ஒருத்தி "உவ்வே" என்று மூக்கைப் பொத்தினாள். அப்படிப் பொத்தினால் எனக்குச் சுர்ரென்று ஏறும். "உன் காலுல கிடக்கிற செருப்பு வானத்துல இருந்தா விழுந்துச்சு? அதைக் கழட்டிட்டு மூக்கைப் பொத்து" என்றேன். டீச்சர் எங்களை விலக்கிவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா, "ஆடு உசுரோட வந்தா கூட நான் வேணாங்க மாட்டேன். முடிதான, போடுங்க" என்றாள்.

மருத்துவச்சிதான் விடவில்லை. "பச்ச உடம்புக்கு வாடை ஆகாது. தோல் ஷாப்புச் சரக்கு வெயில்ல கம்முனு கெடக்கும், மழை ஈரம் பட்டா நாறும். ஒரு மழை பெஞ்சு, வாடை இல்லைனு தெரிஞ்சாத்தான் இவள உள்ள படுக்க வைப்பேன். இல்லைனா தொழுவமே போதும்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அவளோடு சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. பயப்படுவது பிள்ளைக்காக என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வேணாம்மா" என்றார். "நம்ம தெருவுக்குள்ள இருக்குற வரைக்கும் சரி. பிள்ள பெக்குற வீட்டுக்குள்ள கொண்டுபோயி வச்சு, நாளைக்கு ஒரு சொல்லு வந்துச்சுன்னா தாங்க முடியாது." அக்காவின் முதல் பிள்ளை போன கதையைச் சொன்னேன். எழுந்து கை கழுவப் போய்விட்டார். சரி, காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் சைக்கிளில் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினார். அங்கேயே அலசித்தான் எடுத்து வந்திருந்தார். ஆனாலும் கிணற்றடியில் போட்டு மறுபடி அலசினார். அடுத்த நாளும் அலசினார். அதற்கும் அடுத்த நாள் சீயக்காய் போட்டு அலசினார். "ஆட்டுக்கு நிக்காவா நடக்கப் போகுது, இந்தத் தேய்ப்பு தேய்க்கிறீங்க?" என்று அம்மா கத்தினாள். "போதும் அத்தா" என்று நானும் சொன்னேன். "இன்னும் ஒரு தண்ணி" என்பார். மொட்டை மாடி முழுக்க முடியைக் காயப்போட்டு, காக்கா இழுக்காமல் நான் காவல் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லீவு சொல்லிவிட்டு அவரும் எங்களோடு பஸ் ஏறினார். இந்தத் தடவை மண்ணைச் சலிக்கவில்லை. செம்மண், மணல், சாணி எல்லாம் போட்டு, முடியைச் சிக்கெடுத்துத் தூவி, அத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். அவர் கால் எல்லாம் சுண்ணாம்பு தின்று வெளுத்திருக்கும். மூக்கைப் பொத்தியவள் அவர் பக்கத்திலேயே நின்று மிதித்தாள். மத்தியானம் தன் தூக்குச் சட்டியிலிருந்து புளியோதரையை அவருக்கு வைத்தாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது. பூசிய சுவர் அடுத்த வாரமும் அதற்கு அடுத்த வாரமும் வெடிக்கவில்லை. மழைதான் வரவில்லை. மருத்துவச்சியும் இறங்கி வரவில்லை. அக்கா தொழுவத்து வாசலில் உட்கார்ந்து புது வீட்டைப் பார்த்துக்கொண்டே பூக் கட்டினாள்.

ஐப்பசியில் வந்தது பாருங்கள் ஒரு மழை! இரண்டு நாள் விடாமல் கொட்டித் தீர்த்தது. மழை விட்ட அன்று பூக்காரர் பள்ளிக்கூட வாசலில் வந்து என்னைக் கூப்பிட்டார். "பொம்பளப் பிள்ள தாயி! தொழுவம் ஒழுகிருச்சு. வலியும் எடுத்துருச்சு. வேற வழியில்லாம புது வீட்டுக்கே தூக்கிட்டுப் போயிட்டோம்" என்று சொல்லிவிட்டு, ஊர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஓடிவிட்டார். வாடை வந்ததா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அத்தாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். தெரியாது என்றதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் காலையிலேயே இரண்டு பேரும் போனோம். சேற்றில் வழுக்கி வழுக்கி நடந்தோம். வீட்டு வாசலில் மருத்துவச்சி வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். அத்தா அவளை ஏறிட்டுப் பார்க்காமல் வெளிச்சுவரைச் சுற்றி வந்து உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து அக்கா, "அண்ணே, வெளியிலயே நிக்கிறீகளே, உள்ள வாங்க" என்றாள். குனிந்து நுழைந்தோம். ஒரு மூலையில் பாயில் அக்கா, பக்கத்தில் பழைய சேலைத் துணிக்குள் பிள்ளை. நான் நேரே பிள்ளையிடம் ஓடினேன். அத்தா நேரே சுவரிடம் போனார். கீழே, மேலே, மூலையில் எல்லாம் தடவினார். தரையையும் தடவினார்.

"சுவத்தப் பாத்தது போதும்ணே, பிள்ளையப் பாருங்க" என்று அக்கா சிரித்தாள்.

அத்தா என்னைத் தனியே ஜாடை காட்டிக் கூப்பிட்டார். "ஈரம் இல்லம்மா. கை வச்சுப் பாத்துட்டேன். வாடைதான்…" என்று குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியாதும்மா. குழியில நின்னு நின்னு மூக்கு செத்துப்போயி வருசக் கணக்காச்சு. மல்லிகப் பூவும் எனக்கு ஒண்ணுதான், பச்சத் தோலும் ஒண்ணுதான். நீ மோந்து பாத்துச் சொல்லு தாயி."

எனக்கு அது தெரியாது. அவ்வளவு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது. வேலை விட்டு வந்ததும் எங்கள் பக்கத்தில்கூட வராமல், கிணற்றடியில் நின்று அவர் ஏன் அவ்வளவு நேரம் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. வாடை போய்விட்டதா இல்லையா என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

சுவரில் மூக்கை வைத்தேன். மண் வாசம் வந்தது. சாம்பிராணி வந்தது. பால் வாசம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்து சுவரே தெரியவில்லை.

"பிள்ள வாசம்தான் அத்தா வருது."

"நெசமாவா?"

"அல்லா மேல ஆணையா அத்தா."

அதற்குப் பிறகுதான் அவர் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.