முதுகில் இரண்டு குஞ்சுகள்

கண்டிக்கு இடமாற்றமாகி வந்த முதல் மூன்று வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நித்திரைதான் கொண்டேன். கிழமை நாட்களில் அரச அலுவலகம் ஒன்றில் சிங்களக் கடிதங்களைத் தமிழாக்கும் வேலை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மனைவி இருக்கும் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறுவேன். பிறகு அது மாதத்துக்கு ஒருமுறையானது. மற்ற ஞாயிறுகளில் கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு எடுத்த அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பத்து மணிவரை படுத்திருப்பேன். எழும்பினால் யாரோடு கதைப்பது?

நடக்கப் போனது சர்க்கரை வருத்தத்தால். டாக்டர் நடக்கச் சொன்னார். கண்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம். என் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. மகாவலிக் கரையில் சதுப்புக்குள் மட்டமான பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள் என்று அலுவலகச் சாரதி சொன்னார். பஸ்ஸில் இருபது நிமிடம். சம்புப் புல்லுக்கு நடுவே பலகைப் பாதை, இரண்டு பார்வை மேடை, அவ்வளவுதான். மெதுவாக நடந்தாலும் ஒரு மணித்தியாலத்தில் சுற்றி வந்துவிடலாம். ஒரு பக்கம் வீடுகளின் பின்சுவர்கள். உடுப்புக் காயும் கம்பிக்குக் கீழே கொக்குகள் நிற்கும்.

டிக்கெட் கூட்டில் இருந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். வத்தேகமப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்து போகிறவர். முதல் நாள் நான் சிங்களத்தில் கேட்க, முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பதில் சொன்னார்.

"எத்தன பேருங்க சார்?"

"ஒராள்."

எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிழித்துத் தந்தார். அடுத்தடுத்த கிழமைகளிலும் அப்படித்தான் எட்டிப் பார்த்தார். நாலைந்து மாதத்துக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். என்னைக் கண்டதும் ஒரு டிக்கெட்டைக் கிழித்து வைத்துவிடுவார். அது எனக்கு ஏனோ கொஞ்சம் வலித்தது.

எனக்குப் பறவைகள் பற்றி ஒன்றும் தெரியாது. பாதை தொடங்கும் இடத்தில் மூன்று மொழிகளிலும் படங்களோடு பலகை ஒன்று இருந்தது. அதில் தமிழ் பாதி பிழை. கானாங்கோழி, கால் போடாமல் 'கனங்கோழி' என்றிருந்தது. நீர்க்காகம் 'நீக்ககாம்' ஆகியிருந்தது. தொழில் தோஷம், நின்று திருத்திக்கொண்டே படித்தேன். அப்படிப் படித்துத்தான் பெயர்கள் பாடமாயின. பெரிய கமராக்களோடு வருகிறவர்கள் சிலவேளை சிங்களத்தில் ஏதாவது விசாரிப்பார்கள். பதில் சொல்லி விலகி வழி விடுவேன். அவர்கள் போனபிறகு தண்ணீர் திரும்ப அமைதியாகும். அந்த அமைதிக்காகத்தான் வருகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இப்படியே மூன்று வருடம். போன மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு, இரண்டாவது மேடையில் நின்றிருந்தேன். ஆகாயத்தாமரைக்கு வெளியே திறந்த தண்ணீரில் முக்குளிப்பான் ஒன்று தனியாக மிதந்தது. கைக்குள் அடங்கும் அளவு, கபில நிறம். அதை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகுச் சிறகு அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு தலை வெளியே வந்தது. வரிவரியாய், பெருவிரலை விடச் சின்னத் தலை. பக்கத்தில் இன்னொன்று. இரண்டு குஞ்சுகளைச் சுமந்துகொண்டு அது ஒன்றும் நடக்காததுபோல நீந்தியது. இன்னொரு முக்குளிப்பான் எங்கிருந்தோ மேலே வந்து எதையோ நீட்ட, ஒரு குஞ்சு கழுத்தை எட்டி வாங்கி விழுங்கிவிட்டுச் சிறகுக்குள் மறைந்தது.

என்னையறியாமல் "அங்க பார்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்னபிறகு திரும்பிப் பார்த்தேன். மேடையில் யாருமில்லை.

உடனே மனைவிக்கு போன் எடுத்தேன். பின்னால் ஒரே இரைச்சல்.

"என்னப்பா? மில்லில நிக்கிறன், மிளகாய் இடிக்குது. ஒண்டும் விளங்கேல்லை. அவசரமே?"

"இல்லை."

"அப்ப பிறகு எடுக்கிறன்."

படம் ஒன்று எடுத்து அனுப்பினேன். போனில் அது வெறும் தண்ணீரும் ஒரு புள்ளியுமாக விழுந்திருந்தது. வேறு யாருக்குச் சொல்லலாம் என்று பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அலுவலக ஆட்கள், வீட்டுக்காரர், கொழும்பில் இருக்கும் தம்பி. ஞாயிறு காலை ஒரு பறவைக்காக எடுக்கக்கூடிய ஆள் ஒன்றுகூட இல்லை.

டிக்கெட் கூட்டுக்கு வேகமாக நடந்தேன். நான் அப்படி வருவதைக் கண்டு அவர் எழுந்துவிட்டார்.

"என்ன சார், பாம்பா?"

"இல்லைத் தங்கச்சி. ஒரு சாமான் காட்டவேணும். ரெண்டு நிமிசம் வர ஏலுமா?"

கூட்டைப் பூட்டிவிட்டு வந்தார். நல்லகாலம், அது இன்னும் அங்கேயே நின்றது. அவர் வெகுநேரம் தேடிக் கண்டுபிடித்து, கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அடியாத்தி! ஏழு வருசமா இங்கதாங்க சார் ஒக்காந்திருக்கேன். கூட்ட விட்டு இந்தப் பக்கம் வந்ததே இல்ல."

கொஞ்ச நேரம் சேர்ந்து பார்த்தோம். கூட்டடியில் யாரோ கூப்பிட, "வாறேங்க" என்று ஓடிப்போனார்.

மனைவி பின்னேரம் ஏழு மணிபோல எடுத்தாள்.

"ஏதோ தண்ணிப் படம் அனுப்பியிருந்தியள்?"

சொன்னேன். காலையில் நெஞ்சு நிறைய இருந்தது, சொல்லும்போது இரண்டு வசனத்தில் முடிந்துபோனது. அவள் குஞ்சைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஆரோட போனீங்கள்?"

"தனியத்தான். இங்க நிக்கிற ஞாயிறெல்லாம் போறனான்."

"எத்தினை நாளா?"

"மூண்டு வருசம்."

"நீங்கள் ஞாயிறுகளில படுத்திருக்கிறியள் எண்டெல்லோ நான் காலமை எடுக்கிறேல்லை."

ஒளிக்கவேண்டும் என்று ஒளித்ததில்லை. சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்துச் சொல்லாமலே விட்ட சங்கதி. அவள் மெல்லச் சொன்னாள்:

"நானும் ஒண்டு சொல்லேல்லை. வெள்ளி பின்னேரம் கோயிலுக்கெண்டு வெளிக்கிட்டு, சிலநேரம் அங்க போறேல்லை. பண்ணைப் பாலத்தடியில போய் நிண்டுட்டு வருவன்."

"தனியவோ?"

"வேற ஆர் வரப்போகினம்?"

யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தடிக் கடல் ஆழமில்லை. பறவைகள் நிறைய இறங்கும். அதை நினைத்து, "அங்க என்ன பறவையள் நிக்கும்?" என்று கேட்டேன்.

"நான் பறவையைப் பாக்கிறேல்லை" என்றாள். "தண்ணியைத்தான் பாப்பன்."

உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

அந்த வெள்ளி பின்னேரம் அலுவலகத்திலிருந்து வந்து சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது, இந்நேரம் அங்கே நிற்பாள் என்று நினைப்பு வந்தது. கையைத் துடைத்து போனை எடுத்தேன். அவள் கொஞ்ச நேரமாவது யாருக்கும் பதில் சொல்லாமல் நிற்கும் இடம் அது ஒன்றுதான். அதற்குள் நானும் போய் மணியடிப்பதா? போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, உலையை ஏற்றினேன்.