மேல்மலையில் வெட்டிய கான்

இராஜேஸ்வரி தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் கொழுந்து எடுத்தவள். கணவன் சன்னாசிக்கு அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். கைப்பிள்ளையோடு தேயிலைக்குள் ஒளிந்து கிடந்துவிட்டு, விடிந்ததும் கீழே இருந்த முஸ்லிம் கிராமத்துக்கு இறங்கினார்கள். அந்த ஊர்க்காரர்கள் மத்ரசா மண்டபத்தைத் திறந்துவிட்டு, பெரிய சட்டியில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். லயத்துக்குப் புதுக் கூரை போட்டுத் திரும்பியபோது அக்கம்பக்கத்தில் பலர் இந்தியாவுக்குப் போவதென்று முடிவெடுத்திருந்தார்கள். சன்னாசிக்கும் அந்த எண்ணம் இருந்தது. அங்கே தனக்கு ஒருத்தரையும் தெரியாது, வரமாட்டேன் என்று இராஜேஸ்வரி சொல்லிவிட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

லயத்துக்கு மேலே, தேயிலை கைவிடப்பட்டு மானாப்புல் மண்டிய ஒரு மலை. அதன் இடுப்பில் ஓர் ஊற்று. அந்தத் தண்ணீர் லயத்து ஆட்கள் குடம் பிடிக்கும் பீலியில் விழுந்து, ஓடையாகி, முஸ்லிம் கிராமத்து மரக்கறித் தோட்டங்களுக்குப் பாய்ந்து, அதற்கும் கீழே சிங்களக் கிராமத்து வயல்களில் போய்ச் சேரும். மூன்று ஊரும் அதைக் குடித்தன. மலையைத்தான் யாரும் கவனிக்கவில்லை. மாட்டுக்குப் புதுப் புல் முளைக்கட்டும் என்று கோடைதோறும் தீ வைப்பார்கள். லயத்து ஆட்கள் ஊற்றுக்கு மேலேயே சரிவைக் கொத்திப் போஞ்சிக் காய் பயிர் போட்டார்கள். தோட்டத்தை நடத்திய துரை கண்டும் காணாததுபோல இருந்தார். ஊற்றுக்கு நேர் மேலே இருந்த துண்டு இராஜேஸ்வரியுடையது. கொழுந்துச் சம்பளம் போதாத மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் போஞ்சியால்தான்.

தொண்ணூற்றாறில் மழை பொய்த்தது. நாடு முழுக்க மின்சாரத்தை வெட்டினார்கள். கொழும்பில் வருடத் தொடக்கத்தில் குண்டு வெடித்திருந்ததால், தமிழ் பேசிக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறினாலே அடையாள அட்டையைக் கேட்கிற காலம். மேல் டிவிசனில் பீலி நூலாக இளைத்து, பிறகு சொட்டி, பிறகு நின்றே போனது.

ஒருநாள் காலை, கீழ்க்கிராமத்து நஸீம் நாலைந்து ஆட்களோடு லயத்துக்கு ஏறி வந்தார். கண்டிச் சந்தைக்கு லீக்ஸும் போஞ்சியும் அனுப்புகிற மரக்கறித் தோட்டக்காரர். மேலே இருப்பவர்கள் ஓடையை மறித்துக் கட்டிவிட்டார்கள் என்று அவருக்குச் சந்தேகம். சன்னாசியும் மற்ற ஆண்களும் முன்னால் வந்து நிற்க, வார்த்தை தடித்தது. இராஜேஸ்வரி நடுவில் புகுந்து, வந்தவரைப் பீலிக்கரைக்கு அழைத்துப்போனாள். பாசி காய்ந்து கறுத்த கல்லை நஸீம் கையால் தடவிப் பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது.

"இங்கயும் இல்லையா தங்கச்சி?"

"குடிக்கவே இல்ல நானா. இதுல மறிச்சு யாருக்குக் கட்டுறது?" முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள்.

அவள் அவரோடு கீழே போய் அவர்களுடைய நிலைமையையும் பார்த்தாள். ஓடைப் படுகையில் பள்ளம் தோண்டி, ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டுகொண்டிருந்த பெண்களில் நஸீமின் மனைவி ஸுலைஹாவும் இருந்தாள். மத்ரசா மண்டபத்தில் கஞ்சி ஊற்றிய கை அது என்பது இராஜேஸ்வரிக்கு நினைவிருந்தது. அவள் தன் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு ஸுலைஹாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொள்ளத் தொடங்கினாள்.

பேராதனையில் விவசாயத் திணைக்களத்தில் வேலை பார்த்த விமலநாதனை நஸீமுக்குப் பழக்கம். யாழ்ப்பாணத்துக்காரர். விதை வாங்கப் போகும்போது பேசிப் பழகியது. நஸீம் கேட்டுக்கொள்ள, ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்தார். கீழ் வயல்காரர்களில் மூத்தவரான ரன்பண்டாவையும் சேர்த்துக்கொண்டு, வயலிலிருந்து மலை உச்சிவரை எல்லோரும் நடந்தார்கள். நடந்து முடித்ததும் விமலநாதன் சொன்னது இவ்வளவுதான்: மழை குறைந்தது மட்டும் காரணமில்லை, பெய்கிற மழையும் மலையில் தங்காமல் ஓடிவிடுகிறது. சரிவுக்குக் குறுக்கே மட்டம் பார்த்து நீளக் குழியாகக் கான் வெட்டி, அதன் கரையில் வெட்டிவேர் நட்டால், ஓடுகிற தண்ணீர் நின்று மண்ணுக்குள் இறங்கும். மலைக்குத் தீ வைக்கக் கூடாது. ஊற்றுக்கு மேலே யாரும் கொத்தக் கூடாது.

"கான் வெட்டுறது லேசு. ஊற்றுக்கு மேல ஆர் நிலத்தை விடுறது எண்டதை நீங்கள்தான் முடிவெடுக்கவேணும். அதை நான் சொல்ல ஏலாது."

அதற்கு மட்டும் மூன்று கூட்டங்கள் போட வேண்டியிருந்தது. மேலே இருப்பவர்கள் நிலத்தை விட, கீழே இருப்பவர்கள் தண்ணீரை அனுபவிப்பதா என்று லயத்து ஆட்கள் கேட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. மூன்றாவது கூட்டத்தில் இராஜேஸ்வரி எழுந்தாள். "ஊத்துக்கு நேர் மேல கெடக்குறது என் துண்டு. நான் விட்டுர்றேன். ஆனா எங்க அடுப்பு எரிய கீழ ஒரு வழி சொல்லுங்க." பிறகு நஸீம், ஓடையோரத்தில் தான் தரிசாகப் போட்டிருக்கும் நிலத்தில், மேலே நிலம் விடுகிறவர்கள் பயிர் வைக்கட்டும் என்றார். தண்ணீர் வந்தால் வேலியும் விதையும் தங்கள் பொறுப்பு என்று ரன்பண்டா சிங்களத்தில் சொன்னதை நஸீமே தமிழில் சொன்னார்.

சன்னாசி வழியெல்லாம் அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து வீடு வந்தார். அடுத்த ஞாயிறு மண்வெட்டியோடு முதலில் மலையேறியவர் அவர்தான்.

மூன்று கம்பைக் கட்டி நடுவில் கல்லைத் தொங்கவிட்டு மட்டம் பார்த்தார்கள். வேலை நடந்தது லயத்துக்கு ஓய்வு நாளான ஞாயிறுகளில்தான். விமலநாதனும் பஸ் ஏறி வந்துவிடுவார். சிவந்த மண்ணில் கான்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மலையைச் சுற்றி ஏறின. தூரத்து ரோட்டிலிருந்து பார்த்தால் மலையில் வரிவரியாகப் பதுங்குகுழி வெட்டியதுபோல இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

யாரோ பொலிஸுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்கள். பொலிஸ் ஜீப் வந்தது. மட்டக்கம்பும் மலையின் வரைபடமும் கையில் வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரரை அவர்கள் எதுவும் கேட்கவில்லை, ஏற்றினார்கள். பக்கத்தில் நின்ற சன்னாசியையும் ஏற்றினார்கள். மற்றவர்களைக் கான்களை மூடச் சொல்லிவிட்டு ஜீப் இறங்கிப்போனது.

அன்றைக்குக் கான்களை மூடிவிட்டு வந்தபின் லயத்தில் யாரும் வெளியே வரவில்லை. எண்பத்து மூன்று எல்லோருக்கும் நினைவில் இருந்தது. இராஜேஸ்வரி தனியாக இறங்கி நஸீமிடம் போனாள். நஸீம் அவளையும் கூட்டிக்கொண்டு ரன்பண்டாவிடம் போனார். அந்த வீட்டில் கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, ரன்பண்டா நடந்ததை முழுக்கக் கேட்டார். அவருடைய மகன் வவுனியாவில் இராணுவத்தில் இருந்தான். சுவரில் படம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்த இராஜேஸ்வரி, தவறான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தாள். ரன்பண்டா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

பொலிஸில் அவர் சொன்னதை அதிகாரி கேட்டுக்கொண்டார். ஆனால் ஆட்களை விடவில்லை. விசாரிக்க வேண்டும் என்றார். ரன்பண்டா திரும்பி வந்து தன் ஊரைக் கூட்டினார். மறுநாள் வேலை நாள். சிங்களக் கிராமத்திலிருந்து ஆணும் பெண்ணுமாக மண்வெட்டிகளோடு மலைக்கு ஏறினார்கள். முஸ்லிம் கிராமத்து ஆட்கள் பின்னால் போனார்கள். மூடியிருந்த கான்களை அவர்களே திறந்தார்கள். மறுபடி ஜீப் வந்தபோது அதிகாரி கண்டது, வெயிலில் வியர்த்தபடி வெட்டிவேர் நட்டுக்கொண்டிருந்த சிங்களப் பெண்களை. கானுக்குள் நின்றபடியே ரன்பண்டா அவரிடம் சொன்னார்: இது என் வயலுக்கு வரும் தண்ணீர், மூடுவதானால் எங்களோடு சேர்த்து மூடுங்கள். அதிகாரி ஒரு கானின் நீளத்துக்கு நடந்து பார்த்துவிட்டு, ஜீப்பில் ஏறிப்போனார்.

சன்னாசியை மறுநாளே விட்டார்கள். விமலநாதன் வெளியே வர இன்னும் சில நாளானது. வந்த கையோடு அவருக்குத் தூர ஊர் ஒன்றுக்கு இடமாற்றம் கொடுத்தார்கள். போகும்முன் மலைக்கு வர முடியவில்லை. வெட்டிவேரை வருடத்துக்கு ஒருதரம் வெட்டிவிடச் சொல்லி நஸீமிடம் செய்தி அனுப்பியிருந்தார். இராஜேஸ்வரி வெகுநாள் அந்த மனிதருக்காக வருந்தினாள். நம்மால் அவருக்குக் கெடுதல் வந்தது என்று சன்னாசியிடம் பல தடவை சொன்னாள்.

ஐப்பசி மழை வந்தது. முதல் பெருமழையிலேயே மட்டம் பிசகிய ஒரு கான் உடைந்து, கீழே நஸீமின் ஓடையோர நிலத்தில் அவள் புதிதாகப் போட்டிருந்த போஞ்சிப் பாத்திமேல் மண் வந்து படிந்தது. சிலர் முணுமுணுத்தார்கள். அவள் உடைந்த இடத்துக்குக் கல் அடுக்கினாள். அடுத்த கோடையில் பீலி இளைத்ததே தவிர நிற்கவில்லை. இரண்டு மூன்று வருடத்தில், பங்குனியிலும் ஓடைக்குள் தண்ணீர் சலசலத்தது. மானாவுக்கு நடுவே தானாகவே மரக்கன்றுகள் தலைகாட்டின.

யுத்தம் நிற்கவில்லை. ரன்பண்டாவின் மகன் ஒரு காலை இழந்து வீடு வந்தான். செய்தி கேட்டதும் லயத்திலிருந்து போனவர்களில் இராஜேஸ்வரி முதல் ஆள். அவளுக்குச் சிங்களம் சரியாக வராது. அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பை மூன்று ஊரும் அவளிடமே விட்டன. இரண்டாயிரத்து ஒன்றில் மறுபடி மழை குறைந்தபோது, லீக்ஸுக்குக் கூடுதலாக ஒரு முறை தண்ணீர் திறந்துவிடச் சொல்லி நஸீம் கேட்டார். அவள் முடியாதென்றாள், வயல்காரர்களின் முறை அது. நஸீமுக்கு முகம் சுண்டிவிட்டது. மாதக்கணக்கில் அவளோடு பேசவில்லை. அறுவடையானதும் ஸுலைஹா ஒரு கட்டு லீக்ஸோடு மேலே ஏறி வந்தாள். அவர்தான் கொடுத்தனுப்பினார், ஆனால் சொல்ல வேண்டாமென்றார் என்று சொல்லிச் சிரித்தாள். இருவரும் பீலிக்கரையில் உட்கார்ந்து லீக்ஸைக் கழுவினார்கள்.