எண்பதைத் தொட்டால் ஆடும் வண்டி

வீல் மாட்டுகிற தொழிலில் கைக்கு முன்னால் காதும் வாயும்தான் வேலை செய்யும். வருகிறவர்களில் ஒருத்தரும் வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்வதில்லை, அது எப்படி அழுகிறது என்று அழுதே காட்டுவார்கள். ஆசையாகப் புது அலாய் வீல் வாங்கிப் போட்டுவிட்டு, மறுநாளிலிருந்து ஸ்டியரிங்கோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கும் சக துன்பவாசிகளே, இது உங்களுக்காகத்தான். பெருமாட்டியில் என் அக்கா நடத்தும் வீல் கடையில், பிளஸ் டூ முடித்த கையோடு ஸ்பானர் பிடித்தவள் நான். கேட்கிற குரலையெல்லாம் அப்படியே திருப்பிப் பேசுவது என் வியாதி. அந்த வியாதி ஒருத்தர் பிழைப்பைக் காப்பாற்றிய கதையைத் துண்டு துண்டாகச் சொல்கிறேன்.

மூன்று கடை, மூன்று ஆட்டம்

மாரியப்பண்ணன் பீர்மேட்டு டாக்ஸிக்காரர். மாமியார் வீடு எங்கள் பக்கம். அவருடைய ஏழு சீட்டு வண்டிக்குப் புது வீல் போட்டதிலிருந்து எண்பதைத் தொட்டால் நடுக்கம். மூன்று கடைகளில் பேலன்ஸ் பார்த்து ஈயக்கட்டி ஒட்டியாயிற்று, நடுக்கம் நிற்கவில்லை. அன்று சாயங்காலம் பாலக்காடு ஸ்டேஷனில் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போக வேண்டும். "இன்னொரு கெஸ்ட் வண்டி ஆடுதுன்னு சொன்னா, அதோட நீ வர வேண்டாம்" என்று ரிசார்ட் மானேஜர் சொல்லிவிட்டாராம். அந்த ரிசார்ட்டை விட்டால் அவருக்கு வேறு ஓட்டம் இல்லை.

"ஆடிக் காட்டுங்கண்ணா" என்றேன். இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக் கன்னம் குலுங்க "டுர்ர்ர்" என்றார். அது முதல் கடைக்கு அப்புறம். இரண்டாவது கடைக்கு அப்புறம் "டுக் டுக் டுக்". மூன்றாவதற்கு "வ்வ்ம், வ்வ்ம்". மூன்றையும் வரிசையாகத் திருப்பிப் போட்டுக் காட்டினேன். "அதே, அதே" என்று தலையாட்டினார். அங்கேதான் பிடி கிடைத்தது. வெறும் எடைக் கோளாறு என்றால் எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் ஏறக்குறைய ஒரே பாட்டுதான் பாடும். மாட்டும்போதெல்லாம் ராகம் மாறினால், வீல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் உட்காருகிறது என்று அர்த்தம். அக்கா ஜாக்கியை எடுத்தாள். மாரியப்பண்ணன் என் கழுத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "ஏ தாயி, என் வண்டி ஒன் தொண்டைக்குள்ளயா ஓடுது?"

கல்பாத்திக் குரல்

கழற்றிப் பார்த்தால் நினைத்தது சரி. எல்லா வண்டிக்கும் ஆகட்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து விற்கிற வீல் அது. வண்டியில் வீல் உட்காருகிற ஹப்பின் கழுத்து அதற்குள் தொளதொளவென்று நின்றது. நடுவில் ஒரு வளையம் போட்டு அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். மூன்று கடைக்காரர்களும் ஈயத்தைப் பார்த்தார்களே தவிர, ஓட்டையைப் பார்க்கவில்லை. அக்கா வெர்னியரில் இரண்டையும் அளந்தாள். அந்த அளவு வளையம் எங்களிடம் இல்லை. பாலக்காட்டு ஸ்பேர்ஸ் கடைக்குப் போன் போட்டேன். "நாளெ வா மோளே" என்று வைத்துவிட்டார் கடைக்காரர்.

நாளைக்கா? மறுபடியும் போட்டேன், இந்தத் தடவை எங்கள் வாடிக்கைக்காரர் கல்பாத்தி மாமாவின் மூக்குக் குரலில். அந்தக் கடைக்காரர் சின்ன வயதில் மாமாவிடம் கணக்குப் படித்தவர். "ஏண்டா, பெருமாட்டிக்கு நாலு ரிங்கை பஸ்ஸிலே குடுத்தனுப்ப முடியாதோ நோக்கு? நீ உருப்படமாட்டாய்னு அப்பவே சொன்னேனே!" அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம், "இப்போ அயக்காம் மாஷே", இப்பவே அனுப்புகிறேன் சார் என்று மலையாளத்தில் ஒரு நடுக்கம். வெற்றியோடு திரும்பினால், டயருக்குக் காற்றடிக்க வந்த மாமாவே வாசலில் நிற்கிறார். போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மூக்காலேயே சொன்னார்: "எல்லாம் பேஷ்டி கொழந்தே, ஆனா நான் மூக்காலே பேசறதில்லையாக்கும், கேட்டியோ!"

டக்

மத்தியான பஸ்ஸில் வளையம் வந்தது. ஹப்பின் முகத்தில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு வளையத்தைக் கையால் அழுத்தினேன். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஏறியது. நட்டிலும் ஒரு வம்பு. பழைய நட்டின் அடி உருண்டை, புது வீலின் குழியோ கூம்பு. கூம்பு நட்டாக மாற்றினோம். எதிரெதிராக நட்சத்திரம் போடுகிற மாதிரி முடுக்கி வரும்போதே மாரியப்பண்ணன் மலைவழக்கப்படி ஸ்பானர் மேல் ஏறி மிதிக்க வந்தார். அக்கா அவரை இறக்கிவிட்டு டார்க் ரெஞ்சைப் பிடித்தாள். வேண்டிய இறுக்கம் வந்ததும் அது "டக்" என்று சொல்லும். சொல்வதற்கு முன்னாலேயே நாக்கால் "டக்" என்றேன். அக்கா அடுத்த நட்டுக்குப் போய்விட்டாள்! நான் சிரித்ததும்தான் திரும்பினாள். முதல் நட்டிலிருந்து மறுபடி ஒரு சுற்று, நிஜமான டக்கோடு. என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "உன்ற டக்குல நட்டு நிக்காது அம்மிணி, இன்னொருக்கா சொன்னீன்னா இந்த ரெஞ்ச உன்ற வாய்க்குத்தான் போடோணும்."

தென்னந்தோப்பு ரோடு

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். மாரியப்பண்ணன் ஸ்டியரிங்கில், அக்கா பக்கத்தில், நான் பின்னால். அறுபது. எழுபது. அவர் பழக்கதோஷத்தில் பல்லைக் கடித்துக்கொண்டார். எண்பது. ஸ்டியரிங் அசையவில்லை. எண்பத்தைந்து, பால் கிண்ணத்தை வைத்தாலும் தளும்பாது. இந்த அமைதியை நான் எப்படித் தாங்குவேன்? அவர் காதோரம் குனிந்து "டுர்ர்ர்" என்றேன். வண்டி மெல்ல ஓரங்கட்டி நின்றது. ஸ்டியரிங்கைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார், வேர்வையைத் துடைத்தார். அப்புறம்தான் சிரிப்பு வந்தது: "நாசமாப் போறவளே, இன்னொரு மட்டம் போடு, இனி அந்தச் சத்தத்த ஒன் வாயிலதான கேக்க முடியும்!"

மலையிலிருந்து போன்

கொஞ்ச தூரம் ஓடியதும் நட்டின் இறுக்கத்தை மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்பினாள் அக்கா. பொள்ளாச்சியில் நிறுத்திப் பார்த்தாராம். மறுநாள் காலை போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டோம், டயர் மாற்ற வந்தவர்கள் எல்லாரும் கேட்கட்டும் என்று. மாரியப்பண்ணன் கத்தினார்: "கெஸ்ட்டுக வழி பூரா தூங்கி, ரிசார்ட் வாசல்லதான் முழிச்சாக தாயி, மானேஜர் இந்த மாசம் பூரா என்னையவே வரச் சொல்லிட்டாரு!"

ஆகவே சக துன்பவாசிகளே, புது வீல் போட்ட வண்டி நடுங்கினால் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவதற்கு முன்னால், வீலைக் கழற்றி, நட்டுப் போடாமல் திரும்ப ஹப்பில் நிறுத்தி, ஹப்புக்கும் ஓட்டைக்கும் நடுவில் நகத்தை விட்டுப் பாருங்கள், நகம் உள்ளே போனால் பழத்தைச் சாறு பிழிந்து குடித்துவிடலாம்.