மனுவில் எழுதிய தண்ணீர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நான் அருப்புக்கோட்டையில் வக்கீல். திருச்சுழிப் பக்கத்துச் சேரி ஒன்றில், ஊருணித் தண்ணீரைக் குடித்துப் பலருக்குக் காலில் நரம்புச் சிலந்திப் புழு. ஊர்க் கிணற்றில் அவர்கள் இறைக்கக் கூடாது. தனிக் கிணறு கேட்டு ஜில்லா போர்டுக்கு நானே மனு எழுதினேன், பீஸ் வாங்காமல். அந்தப் பெருமை வேறு இந்த வெட்கங்கெட்டவனுக்கு.

கைநாட்டு வைக்க வந்தவர்களுக்கு மனுவை உரக்க வாசித்தேன்: "கிணற்றடியில் காத்து நின்று, யாராவது எட்ட இருந்து ஊற்றினால் கையேந்திக் குடிக்கிறார்கள், இல்லாவிட்டால் ஊருணிதான்."

காலில் துணி சுற்றியிருந்த ஒரு பெண் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். வாசலில் நின்ற அவளுக்குச் செம்பை உயரத் தூக்கி, கை படாமல் ஊற்றினேன். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, மனதாரச் சொன்னாள்:

"சரியாத்தேன் எழுதிருக்கீக, சாமி. இப்பிடித்தேன் ஊத்துவாக."