அண்ணன் கணினிக்குத் தெரியாத டிஸ்க்

அப்பா இறந்த பிறகு ஈப்போ வீட்டில் நானும் அண்ணனும் மட்டும்தான். அப்பாவின் கடைசி நாள்களில் அண்ணன் ஜொகூரில் இருந்தார், காரியத்துக்குத்தான் வந்தார். விவாகரத்து முடிந்திருந்ததால் திரும்பிப் போகவில்லை. "அப்பா இருக்கும்போது வர முடியலையா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். அதன் பிறகு ஐந்து மாதம் பேச்சில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். மாலையில் வந்தால் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும்.

அப்பாவின் படங்களையும் வீடியோக்களையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, கூடத்து ரௌட்டரில் செருகியிருந்தேன். என் பழைய கணினியில் அது எப்போதும் திறக்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அந்த டிஸ்க் என் லேப்டாப்ல தெரியல லா."

போய்ப் பார்த்தேன். எங்கள் ரௌட்டருக்குக் கோப்புகளைப் பகிர ஒரே ஒரு பழைய முறைதான் தெரியும். பாதுகாப்பு இல்லை என்று புதிய கணினிகள் அதை அடைத்துவிட்டன. டிஸ்க்கைக் கழற்றி நேராக அவர் கணினியில் செருகினால் ஐந்து நிமிட வேலை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருவருமே சொல்லவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அமைப்புகளுக்குள் தேடி அந்தப் பழைய முறைக்கு டிக் வைத்தேன். ஆபத்து என்று இணையத்தில் எழுதியிருந்ததால், வெளியிலிருந்து வரும் இணையக் கேபிளைப் பிடுங்கச் சொன்னேன். பிடுங்கினார். கணினி அணைந்து மறுபடி வரும் வரை இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இன்னும் இல்லண்ணே."

ரௌட்டரின் எண்ணைத் தட்டியதும் கோப்புகள் வரிசையாக வந்தன. அவர் ஒரு வீடியோவைத் திறந்தார். சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தைப் பற்றி அப்பா படுக்கையிலிருந்தபடி பேசிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி, "அண்ணன் போன் பண்ணானா?" என்று கேட்டார். படத்தில் இல்லாத என் குரல் சொன்னது: "பண்ணாருப்பா. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க."

அண்ணன் வீடியோவை நிறுத்தினார்.

"நான் பண்ணலையே."

"தெரியும்ணே."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்துபோய்ச் சோற்றைச் சூடாக்கினேன். அன்று ஒரே மேசையில் சாப்பிட்டோம். எல்லாவற்றையும் நகலெடுத்த பிறகு, அந்த டிக்கை அவரே எடுத்துவிட்டார்.

எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பேசினோம்தான், மழை, சோறு, தண்ணீர் பில். அதற்கு மேல் போகவில்லை. அடுத்த மாதம் அண்ணனுக்குச் சித்தியவானில் வேலை கிடைத்தது.

"வாரேன்," என்றார் கேட் அருகில்.

"சரிண்ணே. பாத்துப் போங்க."

கார் திரும்பும் வரை நின்றேன். பிறகு அவர் படுத்திருந்த முன்னறைக் கட்டிலின் விரிப்பை மாற்றினேன். கதவைச் சாத்த மனம் வரவில்லை. இன்னும் திறந்தேதான் இருக்கிறது.