களஞ்சியச் சாவி என்னிடம் இருந்தபோது

பசித்தவர்களுக்கு அரிசி கொடுக்கிற வேலையில் அரிசியை அளப்பது லேசு, வாயை அளப்பதுதான் கஷ்டம். ஊர்ப் பொதுவேலை ஒன்றில் மாட்டிக்கொண்டு, மறுநாள் தெருவில் தலை நிமிர்த்த முடியாமல் நடந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

பெரிய சூறாவளி அடித்து ஓய்ந்த பிறகு, கல்முனைக்குடியில் ஊரார் சேர்ந்து ஓர் உணவுக் களஞ்சியம் தொடங்கினார்கள். நாவிதன்வெளிப் பக்கம் வயல் உள்ளவர்கள் நெல் தருவார்கள். கடைக்காரர்கள் மாவும் பருப்பும் தருவார்கள். வெள்ளிக்கிழமை காலையில் இல்லாத வீடுகளுக்குப் பங்கிடுவோம். சாவியும் பெயர்ப் பட்டியலும் எட்டு வருஷம் என்னிடம் இருந்தன.

உரத்த குரல்

அப்போது எனக்குக் கணீரென்ற குரல். பட்டியலை வாசித்தால் வீதி முழுக்கக் கேட்கும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. கதீஜா உம்மா என்றொரு விதவை, பாய் இழைத்து மகளோடு சீவித்தவர். ஒரு வெள்ளி "கதீஜா உம்மா, ரெண்டு கொத்து அரிசி" என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. மதிலோரம் முக்காட்டை இழுத்துக்கொண்டு அவர் நிற்பதைப் பிறகுதான் கண்டேன். "இந்தா நிக்கிறீங்கதானே, வாங்க" என்று கையையும் காட்டினேன்.

மகளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டு மாமி ஒருவர் அந்த நேரம் வீதியால் போனதும் தெரியாது. பேச்சு அதோடு நின்றுபோனது. அடுத்த வெள்ளியிலிருந்து பெயர் வாசிப்பதை விட்டு, எண் எழுதிய துண்டுச் சீட்டுக் கொடுத்தோம். கதீஜா உம்மா வரவில்லை. அவருடைய பங்கை நானே வீட்டுக்குக் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டேன். இழைத்துக்கொண்டிருந்த பாயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அரிசி தந்தீங்க தம்பி, அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவான். பேர மட்டும் மெல்லமாச் சொல்லியிருக்கலாம்."

வரிசையில் நின்றவர்

பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து வெள்ளாமைக்காரர் ஒருவர் வந்தார். காலில் காய்ந்த சேறு, தோளில் துவாய். இரண்டு ஊருக்கும் மனத்தாங்கல் இருந்த காலம் அது. அவர் வாய் திறக்குமுன்பே, "முதல்ல எங்கட ஆக்களுக்கு. மிஞ்சினாப் பார்ப்பம், கடைசியில நில்லுங்க" என்றேன். போய்க் கடைசியில் நின்றார். ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லுமட்டும் வெயிலில் நின்றார். முறை வந்தபோது அவர் கையில் பை இல்லை. "நான் வாங்க வரல்ல தம்பி. வெளிய வண்டில ரெண்டு மூடை நெல்லு கிடக்கு, எங்க இறக்கிற?"

போய்ப் பார்த்த வீடு

வாடைக் காற்றுக் காலத்தில் கடல் தொழில் இருக்காது. பட்டியல் நீளும், அரிசி குறையும். உண்மையில் இல்லாதவர் யார் என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கரைவலை இழுக்கும் ஆதம்பாவாவின் வீட்டுக்கு ஒரு பகலில் போனேன். பாயை விரித்து என்னை இருத்தினார். கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி சோறும் முருங்கையிலைச் சுண்டலும் கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லவில்லை. மறுசோறும் போட்டுக்கொண்டேன். நான்கு பிள்ளைகள் கதவோரம் நின்று பார்த்தார்கள். கூச்சம் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து, "சாப்பாட்டுக்குக் குறையில்லை" என்று எழுதி அந்தப் பெயரை வெட்டினேன். நியாயமாக நடந்துவிட்டேன் என்று நிம்மதியாகவும் இருந்தது.

அந்தப் பெயரை மறுபடி எழுதியது, அவர்களுடைய அடுத்த வீட்டு அக்கா, நாங்கள் ராத்தா என்கிறவர், வந்து கதைத்த அன்றைக்குத்தான். தன் பங்கில் பாதியை வேறு பையில் கொட்டச் சொன்னார். யாருக்கு என்று கேட்டேன். ஆதம்பாவா வீட்டுக்கு என்றார். "அங்க சோறு இருக்கே, நானே தின்டனே" என்றேன். ராத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது என்னட்டக் கைமாத்தா வாங்கின அரிசி தம்பி. வந்த மனிசன வெறும் வயித்தோட அனுப்பக் கூடாதெண்டு ஆக்கினவ. நீங்க போன பொறகு பிள்ளையளுக்குக் கஞ்சித் தண்ணிதான்."

இன்றைக்கும் ஊரில் என்னைத் தருமவான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று நான் சத்தியம் பண்ணினாலும் அதைத் தன்னடக்கம் என்று சொல்லிவிடுகிறார்கள்.