அம்மா வென்ற சுவர்

கல்லடியில், சுனாமியில் பாதி சரிந்த அக்காவின் வீட்டை, யுத்தம் முடிந்த பிறகுதான் திருத்த முடிந்தது. வேலை நடுவில் ஒப்பந்தக்காரர் மேலதிகமாகக் காசு கேட்டார்.

"அம்மா அந்தக் காலத்தில மேசனை மடக்கின மாதிரி மடக்கு தம்பி," என்றார் அக்கா.

அந்த வெற்றி எங்கள் குடும்பத்தில் அவ்வளவு பிரசித்தம். அதில் என் பங்கை மட்டும் நான் யாருக்கும் சொன்னதில்லை.

அப்போது அக்காவின் கல்யாணத்துக்காக இதே வீட்டைத் திருத்திக்கொண்டிருந்தோம். பின்சுவரின் பூச்சை உரித்த மேசன், உள்ளே கல்லெல்லாம் உப்பரித்து உதிர்கிறது, இடித்துத்தான் கட்டவேண்டும், கூலி கூடும் என்றார். கூறைச் சேலைக்கென்று வைத்திருந்த காசுதான் அம்மாவிடம் மிச்சம்.

"விலை பேசக்குள்ள கண்ணை வீட்டிலயா வச்சிற்று வந்தீங்க?"

"பூச்சுக்குள்ளால பாக்க நான் என்ன சாமியா, தங்கச்சி?"

"ஒரு சதம் கூடத் தரமாட்டன்!"

மேசன் பின்சுவரை அப்படியே விட்டுவிட்டு முன்பக்க வேலைக்குப் போய்விட்டார். கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோவது என் வேலை. சீனி பங்கீட்டுக் கூப்பனுக்கு மட்டும் அளவாகக் கிடைத்த காலம். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிப்பார்கள். அம்மா அளந்து தந்த சீனியை அன்று கிணற்றடி தாண்டுவதற்குள் நான் நக்கி முடித்துவிட்டேன்.

"சீனி எங்க மனே?"

"இல்ல."

"வீட்டிலயே இல்லையா?"

"ஓம்."

மேசன் என்னைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். வெறுந்தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். மறுநாளும் நான் அப்படியே செய்தேன். அதன்பின் அவராகவே பின்சுவரை இடித்து, முற்றத்தில் மிச்சம் கிடந்த கல்லால் கட்டத் தொடங்கினார். கூலிப் பேச்சையே எடுக்கவில்லை.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் வாய்க்குப் பயந்து மேசன் மடங்கிய கதை எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் பரவியது. வேலை முடிந்த அன்று மேசன் ஒரு பொட்டலத்தை என்னிடம் தந்து, "அம்மாட்டக் குடு," என்றார். பிரித்தால் சீனி!

"தோத்த மனுசன் கப்பம் கட்டிற்றுப் போறார்!" என்று அம்மா சிரித்தார். நானும் துள்ளித் துள்ளிச் சிரித்தேன். அக்கா பட்டுக்கூறை உடுத்துத்தான் மணவறையில் இருந்தார்.

சுனாமிக்குப் பின்னும் நின்ற பாதியில் அந்தச் சுவரும் இருந்தது. ஒப்பந்தக்காரரோடு நான் பேரம் பேசாமல் கேட்ட காசைக் கொடுத்துவிட்டேன். அக்காவுக்கு இன்னும் கோபம்.

சீனிக்கும் வழியில்லாத வீடு என்று நம்பித்தான் மேசன் மேலதிகக் கூலியை விட்டார் என்பதும், அந்தப் பொட்டலம் அவருடைய பிள்ளைகளின் கூப்பன் சீனி என்பதும் அன்று எனக்கு விளங்கவில்லை. அதிலும் பாதியை நான்தான் தின்றேன்.